சேலை கட்டிய ஆம்பளையும் கோமாளியான பொம்பளையும்

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "டிவி காமெடியில பெண்களைக் காட்டுற விதம் நிஜமாவே மாறியிருக்கா அண்ணாச்சி, இல்ல அதே மாமியார் மருமகள் சண்டைதான் வேற வேற சேலையில ஓடுதா? ப்ராஜெக்ட்டுக்கு வேணும்."

மாறியிருக்கிறது தங்கச்சி. ஆனால் கதாநாயகி வேலைக்குப் போகிறாளா, சுடிதார் போட்டாளா, புருஷன் காபி போட்டுக் கொடுத்தானா என்று கணக்கெடுத்தால் அந்த மாற்றம் பிடிபடாது. நான் பார்க்கிற விஷயம் ஒன்றுதான். அந்த சீனில் கோமாளித்தனம் பண்ண யாருக்கு அனுமதி இருக்கிறது? அவள் சிரிக்க வைக்கிறாளா, அவளைக் காட்டி இன்னொருத்தன் சிரிக்க வைக்கிறானா? தூர்தர்ஷன் காலத்திலிருந்து இன்று வரைக்கும் இதை வைத்தே அளந்து பார்த்துவிடலாம்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் கேபிள் தொழிலில் இருந்தவன். எந்தத் தெருவில் எந்த நேரத்துக்கு எந்த சேனல் போய்விட்டால் யார் சத்தம் போடுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். "ஏ தம்பி, சன் டிவி புள்ளி புள்ளியா வருதுல்லா, நாங்க என்னத்தப் பாக்க?" என்று போன் வருவது முக்கால்வாசி பீடி சுற்றுகிற வீடுகளிலிருந்துதான். மடியில் சுளகு என்கிற முறம், சுளகில் இலையும் தூளும், கண் டிவியில், கை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆலங்குளம், முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் இந்தக் காட்சி தெரியாதவர்கள் கிடையாது. தமிழ் டிவி காமெடியின் உண்மையான ரசிகர்கள் இவர்கள்தான் என்பது என் கட்சி. இவர்கள் எதற்குச் சிரித்தார்கள், எதற்கு உச்சுக்கொட்டினார்கள் என்பதைப் பார்த்துத்தான் நான் பேசுகிறேன்.

முதலில் நம் ஊரை எடுத்துக்கொள்வோம். "பொம்பளைக்குக் காமெடி வராது" என்று சென்னையில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து சொல்கிறவர்கள் யாரும் நம்ம பக்கத்துக் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, வந்து ராத்திரி முழித்திருக்க மாட்டார்கள். வில்லுப்பாட்டில் வில்லை அடித்துப் பாடுகிறவர்தான் கதையும் சொல்லி, பக்கத்தில் "ஆமாம்" போடுகிறவரைக் கிண்டலும் பண்ணி, கூட்டத்தைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மா 2018-இல் இறந்துபோனார், அவர் வில்லைத் தொட்ட காலத்தில் டிவியே வந்திருக்கவில்லை. திருநெல்வேலி சத்திரப்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் நாகேஷுக்கும் நகைச்சுவை எழுதிக் கொடுத்தவர், அவருடைய வில்லிசையை எடுத்து நடத்துவது மகள் பாரதி திருமகன். ஆக, மைக் முன்னால் பெண் உட்கார்ந்து நையாண்டி பண்ணுவது தெற்கத்தி ஆட்களுக்குப் புதுசே இல்லை.

அதே கொடையில் கணியான் கூத்தும் நடக்கும். மகுடம் என்கிற பறையை அடிக்க, குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, சேலையும் சலங்கையும் கட்டி ஆடுகிற இரண்டு பேரும் ஆண்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், டிவியில் ஆம்பளை சேலை கட்டி வருவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அது நம்ம மரபு, கூத்துலயே இருக்கு" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். கணியான் கூத்தில் அந்த வேஷம் சுடலைமாடன் முன்னால் சாமி காரியமாக ஆடுகிற வேஷம். பெண் என்றால் கேலி என்பது அதற்கு அடிப்படை இல்லை. டிவியில் வந்தது வேறு சரக்கு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் ஆரம்பித்தது. நம்ம பக்கம் படம் தெளிவாகத் தெரிய அதற்கப்புறம் வெகு காலம் பிடித்தது, கடலோரத்தில் உயரமாக ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாஹினி பார்த்தவர்கள்கூட உண்டு. தூர்தர்ஷனின் காமெடி பெரும்பாலும் மயிலாப்பூர் சபா நாடகத்தின் வாரிசு. எஸ்.வி.சேகர், கிரேஸி மோகன் என்று அந்தக் கூட்டம். அவற்றில் கதை கிட்டத்தட்ட ஒன்றே ஒன்றுதான்: புருஷன் ஒரு பொய் சொல்லுவான், அதை மறைக்க இன்னொரு பொய், அதற்கு ஒரு நண்பன் உடந்தை, பெண்டாட்டிக்கோ மாமனாருக்கோ தெரிந்துவிடக் கூடாது. இந்த அமைப்பில் பெண்டாட்டி போலீஸ்காரர் வேலை பார்க்கிறாள். உள்ளே வருவாள், "யாருங்க அது?" என்று கேட்பாள், ஏதோ ஒரு உளறலை நம்பிக்கொண்டு உள்ளே போவாள். அவளுக்கு ஒரு ஜோக்கும் கிடையாது. கிரேஸி மோகன் தன் கதாநாயகிகளுக்குப் பெரும்பாலும் ஜானகி என்றுதான் பெயர் வைப்பார், தன்னை மேடையேற்றிய டீச்சரின் நினைவாக. நல்ல மனுஷன், மரியாதையாக வைத்த பெயர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஜானகிக்கும் அடுத்த ஜானகிக்கும் குணத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அவருடைய பரம ரசிகரும் தடுமாறத்தான் செய்வார். அவர் நாடகங்களில் வருகிற மாதுவும் சீனுவும் மறக்காது. அவர்கள் இரண்டு பேரும் கோமாளிகள், அதனால் மறக்காது.

இதை அமெரிக்காவோடு வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே 1951-லேயே 'ஐ லவ் லூசி' வந்துவிட்டது. லூசில் பால் வீட்டுப் பெண்டாட்டியாகத்தான் நடித்தார், புருஷன் சொல் கேட்காமல் ஏதாவது செய்து மாட்டிக்கொள்வதுதான் ஒவ்வொரு வாரமும் கதை, பெண்ணியம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பொய் சொல்வது அவள், திட்டம் போடுவது அவள், விழுந்து எழுந்து முகத்தை அஷ்டகோணலாக்குவது அவள். புருஷன்தான் "என்ன நடக்குது இங்கே" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறவன். எழுதிய ஆட்களில் மேட்லின் ப்யூ என்ற பெண் இருந்தார், லூசி செய்யவேண்டிய சேட்டைகளைத் தானே முதலில் செய்து பார்ப்பாராம். லூசில் பால் நிஜமாகவே கர்ப்பமானபோது அதையும் கதையில் சேர்த்தார்கள், ஆனால் 'கர்ப்பம்' என்கிற வார்த்தையை மட்டும் வாயால் சொல்ல விடவில்லை. குழந்தை பிறக்கிற எபிசோட் 1953 ஜனவரியில் வந்தது. அதைப் பார்த்த கூட்டம், மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்த கூட்டத்தைவிடப் பெரியது. 1970-இல் 'தி மேரி டைலர் மூர் ஷோ' வந்தபோது கதாநாயகி விவாகரத்தானவள் என்று எழுதத்தான் ஆசைப்பட்டார்கள், சேனல் ஒத்துக்கொள்ளாததால் காதல் முறிந்தவள் என்று மாற்றினார்கள். அங்கேயும் லேசில் நடந்துவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன், அவ்வளவுதான். நம்ம கதைக்கு வருவோம்.

சன் டிவி 1993-இல் வந்ததும் தனியார் சேனல்களில் காமெடி சீரியல் என்று ஒரு தனி இனம் முளைத்தது. ப்ராஜெக்ட்டில் அவசியம் சேர்க்க வேண்டியது 'ரமணி வெர்சஸ் ரமணி'. 1990-களின் கடைசியில் பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கியது. புருஷன் பெயரும் ரமணி, பெண்டாட்டி பெயரும் ரமணி. ஒரே பெயரை வைத்ததோடு விட்டிருந்தால் அது ஒரு விளையாட்டு, ஆனால் இரண்டு பேருக்கும் சரிபாதி வீம்பு, சரிபாதி முட்டாள்தனம், சரிபாதி வாய் கொடுத்தார்கள். சண்டையில் ஒரு வாரம் அவன் அசடு வழிவான், அடுத்த வாரம் அவள். பின்னால் வந்த பாகத்தில் தேவதர்ஷினி நடித்தார். பெண்டாட்டி என்கிறவளுக்கும் தப்பு பண்ணி அசிங்கப்பட்டு மறுபடி எழுந்துவர இடமிருக்கிறது என்று தமிழ் டிவியில் நான் தெளிவாகப் பார்த்தது அதில்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் நம்ம தெருவில் அது பெரிசாக ஓடவில்லை. அது படித்த, வேலைக்குப் போகிற, பிளாட்டில் குடியிருக்கிறவர்களின் வீடு. சுளகை மடியில் வைத்திருந்தவர்களுக்கு அந்த வீட்டு வாசல்படியே அந்நியம்.

ஓடியது 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'. மாமியார் பெரிய பாப்பா, மருமகள் சின்ன பாப்பா. பிற்போக்கு என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. மாமியார் மருமகள் சண்டை பழசுதான். ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சண்டை அழுகை சீரியலுக்குச் சொந்தம், விஷம் வைப்பதும் மாடிப்படியில் தள்ளிவிடுவதுமாக இருந்தது. இங்கே இரண்டு பெண்களும் சரிக்குச் சரி சேட்டைக்காரிகள், நடுவில் எம்.எஸ்.பாஸ்கரின் பட்டாபி மாதிரி ஆண்கள் முழித்துக்கொண்டு நிற்பார்கள். நிரோஷாவும் நளினியும் அழகாகத் தெரிய வேண்டும் என்கிற கவலையை விட்டுவிட்டு நடித்தார்கள். பெண் நடிகைக்கு அதை அனுமதிப்பதே நம்ம டிவியில் பெரிய விஷயம். பின்னால் இருந்த கை நடிகை ஸ்ரீபிரியாவுடையது, அது ஒரு பெண்ணின் கை என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு இடத்தை யாரும் காமெடி என்று கணக்கில் சேர்ப்பதில்லை, பட்டிமன்றம். தீபாவளி, பொங்கலுக்கு சாலமன் பாப்பையா தலைமையில் நடந்ததை எடுத்துப் பாருங்கள். பாரதி பாஸ்கர் பேசுவது சுத்தமான நகைச்சுவை, அதுவும் தானே சொந்தமாகக் கொண்டுவருகிற சரக்கு. எதிரணியில் பேசுகிற ராஜா பெண்டாட்டியைப் பற்றி அடிக்கிற ஜோக்குக்கு பாரதி பாஸ்கர் அதே மேடையில் அந்த நிமிஷமே திருப்பிக் கொடுப்பார். வங்கி வேலை பார்த்த ஒரு பெண், புருஷன்மாரைப் பற்றிப் பேசி குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தை ஆட்டி வைத்தது அந்த மேடையில்தான். சீரியல்காரர்கள் அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

அப்புறம் 2006. அந்த வருஷத்துச் சட்டமன்றத் தேர்தலில் கொடுத்த வாக்குறுதிப்படி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவச கலர் டிவி வீடு வீடாக வந்தது. எங்களுக்கு இணைப்பு கொடுத்து மாளவில்லை. அதுவரை பக்கத்து வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த பெண்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து ரிமோட்டைக் கையில் எடுத்தார்கள். அவர்களுக்காக என்று சொல்லிக்கொண்டு சேனல்கள் கொடுத்தது என்ன? சினிமா காமெடித் துண்டுகள். ஆதித்யா, சிரிப்பொலி என்று நாள் முழுக்க அதற்கே தனி சேனல்கள். அதில் கோவை சரளா வடிவேலுவைப் புரட்டி எடுக்கிற சீன் வந்தால் தெருவே சிரிக்கும். அது பெண்ணுக்குக் கிடைத்த வெற்றி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், பெண்டாட்டி அடிப்பது சிரிப்பாக இருப்பதற்குக் காரணமே நிஜத்தில் அடி வாங்குகிறது யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். ஆனாலும் பீடி சுற்றுகிற அக்காமார் அந்த சீனுக்கு மட்டும் கையை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். கட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள் கையை நிறுத்துவது சின்ன விஷயம் கிடையாது.

இனி சேலை கட்டிய ஆம்பளை. 2000-களின் நடுவிலிருந்து விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு', பிறகு 'அது இது எது' என்று வரிசையாக வந்தன. 'சிரிச்சா போச்சு' சுற்றில் வடிவேல் பாலாஜி, நாஞ்சில் விஜயன் போன்றவர்கள் லேடி கெட்டப்பில் வந்து நின்றாலே அரங்கம் அதிரும். இந்தியிலும் இதே நிலைதான், கபில் சர்மா ஷோவில் பாட்டி அலி அஸ்கர், 'குத்தி' சுனில் குரோவர். ஏன் இப்படி என்று கேட்டால் "பெண்கள் யாரும் ஆடிஷனுக்கே வரவில்லை" என்பார்கள். பாதி உண்மை. மிமிக்ரி குழு, கல்லூரி கல்ச்சுரல்ஸ், கோயில் திருவிழா மேடை என்று வந்த பாதை முழுக்க ஆண்களின் பாதை. ராத்திரி ரிகர்சல் முடிந்து பஸ் ஸ்டாண்டில் படுத்துவிட்டு விடியற்காலை வண்டியைப் பிடிப்பது எந்த வீட்டுப் பெண்ணுக்கு நடக்கும்?

மிச்சப் பாதி உண்மையை யாரும் சொல்வதில்லை. சேலைக்குள் இருப்பது ஆண் என்பதால் அந்த 'பெண்ணை' என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அடிக்கலாம், உதைக்கலாம், கூந்தலைப் பிடுங்கி எறியலாம், "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு" என்று ஆரம்பித்து உடம்பில் ஒவ்வொரு இடமாகக் கேலி பேசலாம். நிஜப் பெண்ணை மேடையில் நிறுத்தி இதில் கால்வாசி சொன்னாலும் பார்க்கிறவர்களுக்கே முகம் சுளிக்கும். ஆள் ஆண்தானே என்று தெரிந்ததால் சுளிக்கவில்லை. ஆனால் அடி விழுந்தது சேலைக்கு. வருஷக்கணக்கில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துச் சிரித்தது அதைத்தான். அந்தக் கலைஞர்களின் திறமையை நான் குறை சொல்லவில்லை. வடிவேல் பாலாஜி 2020-இல் இறந்தபோது எங்கள் தெருவில் சொந்தக்காரர் போன மாதிரி வருத்தப்பட்டார்கள். எழுதிய கையைத்தான் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் அறந்தாங்கி நிஷா வந்தார். பட்டிமன்றப் பேச்சில் ஊறிய வாய், கிராமத்துக் குரல். சேலை கட்டிய ஆண்களுக்கு நடுவில் சேலை கட்டிய ஒரு பெண் அவர்களைவிடச் சத்தமாக, வேகமாகப் பேசிக் கைதட்டு வாங்கியது அந்த மேடைக்கே புதுசு. ஆனால் வாசலில் கட்டணம் கேட்டார்கள். நிறத்தையும் உடம்பையும் வைத்துக் கூட இருந்தவர்கள் ஜோக் அடிப்பார்கள், அவரே முந்திக்கொண்டு தன்னைப் பற்றி அடித்துவிடுவார். கருப்பாக இருக்கிற ஆண் காமெடியனுக்கும் இது நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு அது பத்தில் ஒரு ஜோக், நிஷாவுக்கோ நுழைவுச் சீட்டே அதுதான் என்பது போல இருந்தது. நம்ம வெயிலில் பாதி ஊர் அந்த நிறம்தான், எதற்குச் சிரிக்கிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பெரிய திருப்பம் என்று நான் சொல்வது 2019 கடைசியில் ஆரம்பித்த 'குக்கு வித் கோமாளி'. சமைக்கிற போட்டியாளரோடு ஒரு கோமாளி ஜோடி சேர்ந்து சேட்டை பண்ணுகிற சமையல் நிகழ்ச்சி, அதில் போய் என்ன திருப்பம் என்று கேட்பீர்கள். கூத்தில் கோமாளி, கட்டியக்காரன் எல்லாம் ஆண்களின் சொத்து. எந்த விதிக்கும் கட்டுப்படாமல், பெரியவர் சின்னவர் பார்க்காமல் வாய்க்கு வந்ததைப் பேசலாம் என்கிற சலுகை அந்த வேஷத்துக்கு மட்டும் உண்டு. அந்தச் சலுகையை மணிமேகலை, சிவாங்கி, சுனிதா மூன்று பேரும் புகழுக்கும் பாலாவுக்கும் சமமாக எடுத்துக்கொண்டார்கள். சிவாங்கி பாட்டுப் போட்டியிலிருந்து வந்த பெண், வெங்காயம் நறுக்கத் தெரியாது, அதற்காக யாரும் "பொம்பளப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியலியா" என்று வாயைத் திறக்கவில்லை. தெரியாததே வேடிக்கை, தெரியாமல் பண்ணுவதே அவர் வேலை. எங்கள் வீட்டில் பெண் பிள்ளைக்குச் சமையல் தெரியாது என்றால் அது பஞ்சாயத்து. டிவியில் அது கொண்டாட்டம். வேலைக்குப் போகிற கதாநாயகிகள் எத்தனையோ பேர் வந்தும் அசைக்காத ஒன்றை இது லேசாக அசைத்தது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், பெண் போட்டியாளரிடம் ஆண் கோமாளி வழிவது என்கிற பழைய சரக்கு அங்கேயும் வாரா வாரம் ஓடியது.

யூடியூபைத் தனியாக எழுதுங்கள், இதில் கலக்காதீர்கள். ஒன்று மட்டும். 'பரிதாபங்கள்' கோபியும் சுதாகரும் தலையில் ஒரு துண்டைப் போட்டால் பெண், எடுத்தால் ஆண். அதில் பெண் உடம்பைக் கேலி பண்ண வழியே இல்லை, பேச்சும் குணமும் மட்டும்தான் மிஞ்சும், அதனால் எனக்கு அது உறுத்துவதில்லை. கோயம்புத்தூர் 'நக்கலைட்ஸ்' காட்டுகிற அம்மா நிஜ அம்மாவாக இருக்கிறார், கொங்குத் தமிழில் வெளுத்து வாங்குகிறார்.

நம்ம நெல்லைத் தமிழ் பேசுகிற பெண்ணுக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை என்பது என் சொந்த ஆதங்கம். ஆண்களில் இமான் அண்ணாச்சி இந்தப் பேச்சை வைத்தே பேர் வாங்கிவிட்டார். பெண் என்றால் சேனல்களுக்குத் தெரிந்தது அரிவாளோடு நிற்கிற ஆத்தா, இல்லையென்றால் வெள்ளந்தி. அதிலும் வசனம் எழுதுகிறவர் எல்லார் வாயிலும் "ஏலே"யைப் போட்டுவிடுவார். "ஏலே" ஆம்பளையைக் கூப்பிடுகிறது, பெண்ணுக்கு "ஏட்டி". பொம்பளைப் பிள்ளையைப் பார்த்து "ஏலே" என்று கூப்பிட்டால் நம்ம ஊரில் "ஏட்டி, இவிய யாரப் பேசுதாவ?" என்று கேட்பார்கள். தாமிரபரணிப் படித்துறையில் துணி துவைக்கிறபோது போகிற வருகிற ஆளையெல்லாம் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக் கிழிக்கிற நக்கலை எந்த ஸ்கிரிப்டிலும் நான் பார்க்கவில்லை.

மாறாதது எது என்று கேட்டால் வயசும் எழுத்தும். ஐம்பது தாண்டிய ஆணுக்குக் காமெடியில் அப்பா, முதலாளி, நண்பன், திருடன் என்று எத்தனையோ வேஷம், அதே வயசுப் பெண்ணுக்கு மாமியார், அல்லது வேலைக்காரி. இரண்டாவது, எழுதுகிற அறையில் பெண்கள் சொற்பம். இங்கிலாந்தில் 2016-இல் ஃபீபி வாலர்-பிரிட்ஜ் 'ஃப்ளீபேக்' எழுதித் தானே நடித்தார், அந்தப் பெண் பண்ணாத தப்பு இல்லை, கதை அவளைத் தண்டிக்கவும் இல்லை, நல்லவளாக்கவும் இல்லை. நம்ம டிவியில் அப்படி ஒன்று வந்தால் நம்ம அக்காமார் பார்ப்பார்களா? பார்ப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், வசனம் நம்ம பேச்சில் இருந்தால்.

ப்ராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை. 'ரமணி வெர்சஸ் ரமணி', 'சின்ன பாப்பா பெரிய பாப்பா', 'அது இது எது', 'குக்கு வித் கோமாளி' நான்கிலிருந்தும் ஒவ்வொரு எபிசோட் எடுத்து, ஒவ்வொரு சிரிப்புச் சத்தத்துக்கும் நிறுத்தி, யார் வாயிலிருந்து வந்தது, யார் மேல் விழுந்தது என்று இரண்டு கட்டம் போட்டுக் குறித்துவாருங்கள். மேடத்துக்கு அட்டவணை வேண்டும் என்றால் அதுவே போதும். முடிந்தால் அதே எபிசோட்களை பீடி சுற்றுகிற நாலு அக்காமாரோடு உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். கை எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.